பதிவு பெறாத வீடு

தாணுலிங்கம் வீட்டுக்குப் பிரியாணி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். யாரும் சொல்லியனுப்பவில்லை. மில்லர்புரத்தில் அவருடைய வீட்டு கேட்டின் முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. புதுத்துணி உடுத்திய ஒரு குடும்பம் இறங்கியது. பின்னாலேயே இரண்டு பேர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கரண்ட் போயிருந்தது. அதனால் வீட்டிலிருந்த நான்கு பேரும் கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக் காற்றுக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் தாணுலிங்கம். வத்தல் மண்டி நடத்தி ஓய்ந்தவர், எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அடுத்து அவருடைய அக்கா செல்லக்கனி. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு, கணவர் போனபின் தம்பியிடம் வந்துவிட்டவர். அதற்கடுத்து தாணுலிங்கத்தின் இறந்துபோன மனைவியின் தங்கை முருகேஸ்வரி. ஆழ்வார்திருநகரியில் தலைமையாசிரியையாக இருந்தவர். மகன் பெங்களூரில் இருந்து கூப்பிட்டும் அந்தக் குளிர் ஆகாது என்று இங்கே வந்து தங்கியவர்.

கடைசி நாற்காலியில் கிருபாநிதி. இவர் மட்டும் உறவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் மனைவியோடு மாடிக்கு வாடகைக்கு வந்தார். மனைவி இறந்தார். முழங்கால் மாடிப்படி ஏற முடியாது என்று சொல்லிவிட்டது. தாணுலிங்கம் கீழே முன்னறையை ஒழித்துக் கொடுத்தார். சாப்பாடும் இங்கேயே என்று ஆனபிறகு, கிருபாநிதி மாதம் பிறந்ததும் ஒரு தொகையைச் செல்லக்கனி கையில் வைத்துவிடுவார். அதற்கு வாடகை என்றோ சாப்பாட்டுச் செலவு என்றோ யாரும் பேர் வைக்கவில்லை.

வேனில் வந்தவர் கைகூப்பினார். மகளுக்குப் பிறந்தநாளாம். ஆதரவில்லாத பெரியவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்று ஆசையாம். போனில் மேப் காட்டிய வழியில் வந்தார்களாம். அடுத்த தெருவில் ஒரு முதியோர் இல்லம் இருந்தது. அதைச் சொல்லத்தான் தாணுலிங்கம் வாயைத் திறந்தார். ஆனால் சமையலுக்கு வரும் இசக்கியம்மாளுக்கு அன்று லீவு. உள்ளே முருகேஸ்வரி வைத்த ரசம் ஆறிக்கொண்டிருந்தது. செல்லக்கனி தம்பியின் தொடையில் கிள்ளினார்.

"ஏலே, பிள்ளை ஆசையா வந்திருக்கு. பேசாம உக்காரு."

பேசாமல் உட்கார்ந்தார்கள். மட்டன் பஞ்சுபோல வெந்திருந்தது. கிருபாநிதி ஜெபம் பண்ணிச் சாப்பாட்டை ஆரம்பித்து வைத்தார். கேக் வெட்டியபோது நால்வரும் கைதட்டினார்கள். கடைசியில் ஆளுக்கொரு துண்டு போர்த்திப் படம் எடுத்தார்கள். படம் எடுத்த நேரம் பார்த்துத் தாணுலிங்கம் ஒரு பச்சைமிளகாயைக் கடித்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வேன் போனபின் மிச்சமிருந்த பிரியாணியைக் கிருபாநிதி ஆட்டோ பிடித்து அடுத்த தெரு இல்லத்துக்கு அனுப்பிவைத்தார். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தார்கள்.

மறுநாள் மஸ்கட்டிலிருந்து மூத்த மகன் பேசினான். படம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. 'பெற்ற பிள்ளைகளால் கைவிடப்பட்டு மில்லர்புரம் இல்லத்தில் கண்ணீர் வடிக்கும் முதியவர்' என்று கீழே எழுதியிருந்ததாம். அவனுடைய மாமனார் வீட்டிலிருந்து இதுவரை நான்கு பேர் விசாரித்துவிட்டார்களாம். மிளகாய் என்று தாணுலிங்கம் எவ்வளவோ சொன்னார். ஓசிச் சாப்பாட்டுக்கு எதற்கு உட்கார்ந்தீர்கள் என்று அவன் திருப்பிக் கேட்டபோது லைன் சரியில்லை என்று போனை வைத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஜெயபிரியா வந்தார். மாவட்டத்திலுள்ள முதியோர் இல்லங்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுதும் அதிகாரி. முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்கூட்டரை வெயில் படாமல் நிறுத்தி, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, போனில் அந்தப் படத்தைக் காட்டினார். இந்த இல்லம் பதிவு பெற்றதா என்று யாரோ கேட்டு அனுப்பியிருக்கிறார்கள், பார்த்துவிட்டுப் பதில் எழுத வேண்டியது தன் வேலை என்றார்.

"இது இல்லம் இல்லம்மா, வீடு" என்றார் தாணுலிங்கம்.

இல்லம் என்றாலும் வீடு என்றாலும் பொருள் ஒன்றுதான் என்று முருகேஸ்வரி பழக்கதோஷத்தில் திருத்தினார். தாணுலிங்கம் அவரை முறைத்தார்.

ஜெயபிரியா பொறுமையாக விளக்கினார். ஒரு குடும்பத்தார் எத்தனை பேர் சேர்ந்து வாழ்ந்தாலும் அதில் தனக்கு வேலையில்லை. ஆனால் உறவில்லாத முதியவர் ஒருவர் பணம் கொடுத்துத் தங்கி, சம்பளத்துக்கு ஆள் வைத்து அவரைப் பராமரித்தால் அது வேறு கணக்கு. அதற்குப் பதிவு வேண்டும், வசதிகள் வேண்டும், தான் அவ்வப்போது வந்து பார்க்கவும் வேண்டும்.

"இங்கன இருக்க அம்புட்டுப் பேரும் சொந்தந்தான்" என்றார் தாணுலிங்கம். மண்டியில் விலை கேட்டவனுக்குப் பதில் சொல்லும் வேகத்தில் அது வந்துவிட்டது. கிருபாநிதி தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தார்.

அப்படியானால் நல்லது என்றார் ஜெயபிரியா. ஒவ்வொருவரிடமும் தனியாக இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறேன் என்றார். எங்கே போனாலும் அப்படித்தான் செய்வதாம். நடத்துகிறவர் பக்கத்தில் நின்றால் தங்கியிருப்பவர்கள் வாய் திறக்க மாட்டார்களாம். சாப்பாட்டு மேசைக்குப் போய் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

முதலில் செல்லக்கனி. கிருபாநிதி உங்களுக்கு என்ன வேணும் என்ற கேள்விக்கு அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தெளிவாகப் பதில் சொன்னார். தன் அப்பாவுடைய சித்தப்பா மகன் ஒருவர் அந்தக் காலத்திலேயே வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவராகிவிட்டார். அவருடைய மகள் வயிற்றுப் பேரன்தான் இவர். அப்படிப் பார்த்தால் தனக்கு மகன் முறை. எழுபத்தைந்து வயது மகனைப் பற்றி ஜெயபிரியா மேலே எதுவும் கேட்கவில்லை.

அடுத்து முருகேஸ்வரி. முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று கற்றுக்கொடுத்தவர். அதனால் நேராகப் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. உறவு என்பது இரத்தத்தால் மட்டும் வருவதா என்று தொடங்கி நீண்ட நேரம் பேசினார். ஜெயபிரியா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். முடிவில், ஒரு முறை சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் அத்தானுக்கு அத்தை மகன் என்று எழுதிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார்.

இசக்கியம்மாளை யாரும் கூப்பிடவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவர், வீட்டுக்கு ஏதோ ஆபத்து என்று புரிந்துகொண்டு கையைத் துடைத்தபடி தானாகவே உள்ளே வந்தார். கிருபாநிதி தன்னுடைய தாய்மாமன் என்றார்.

அதன்பின் தாணுலிங்கம். அக்காவும் கொழுந்தியாளும் என்ன சொன்னார்கள் என்று அவருக்குத் தெரியாது. ரொம்ப நெருக்கமாகவும் இருக்கக்கூடாது, ரொம்பத் தூரமாகவும் போய்விடக்கூடாது என்று கணக்குப் போட்டு, "என் சகலை" என்றார்.

ஜெயபிரியா எழுதிக்கொண்டே கேட்டார்: "அப்படின்னா முருகேஸ்வரி அம்மாதான் அவரோட மனைவியா சார்?"

தாணுலிங்கத்தின் மனைவிக்கு ஒரே ஒரு தங்கைதான். அது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றார். அடுத்த அறையில் ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. அன்றிலிருந்து ஒரு வாரம் முருகேஸ்வரி அவரோடு பேசவில்லை.

கடைசியாகக் கிருபாநிதி வந்து உட்கார்ந்தார். எதிரில் இருந்த தாளில் மகன், அத்தை மகன், தாய்மாமன், சகலை என்று தன்னைப் பற்றி எழுதியிருந்ததைத் தலைகீழாகவே வாசித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் வாடகைக்கு வந்தவன்மா. வந்தேன், போகல. அவ்வளவுதான். பொய் சொன்னா நானும் இவங்கள மாதிரி மாட்டிக்கிடுவேன்."

ஜெயபிரியா கொஞ்ச நேரம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு எல்லோரையும் கூப்பிட்டார். ஒரு மாத அவகாசம் கொடுத்தார். அதற்குள் பதிவுக்கு மனுப் போட்டால் தானே வழி சொல்லித் தருவதாகவும், வேண்டாமென்றால் கிருபாநிதி வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். செல்லக்கனி காபி கொண்டுவந்தார். பார்வைக்குப் போகும் இடத்தில் எதுவும் வாங்கிச் சாப்பிடக்கூடாது என்று ஜெயபிரியா மறுத்துவிட்டார். மற்றதையெல்லாம் தாங்கிக்கொண்ட செல்லக்கனிக்கு இதுதான் பொறுக்கவில்லை. சாயந்திரம் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

 மூன்றாம் நாள் காலை இட்லி சாப்பிடும்போது, சென்னையில் மகனிடம் போய்விடப் போவதாகக் கிருபாநிதி சொன்னார். வெள்ளிக்கிழமை முத்துநகர் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. தன்னால் வீட்டுக்குள் ஆபீஸ் வரவேண்டாம் என்றார். மகன் வீடு ஏழாவது மாடியில் இருக்கிறது, லிஃப்ட் நல்ல லிஃப்ட் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"போறவரத் தடுக்க நான் யாரு" என்றார் தாணுலிங்கம். சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். மத்தியானம் வரை அதே பக்கம்தான் விரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் கிருபாநிதி குளித்துவிட்டு, இடுப்பில் துண்டும் மேலே பனியனுமாக அறைக்கு வந்தார். கட்டிலில் அடுக்கி வைத்திருந்த துணிகளைக் காணவில்லை. பெட்டியைத் திறந்தார், அதுவும் காலி. பின்பக்கம் போய்ப் பார்த்தால் செல்லக்கனி பெரிய வாளி நிறைய அவருடைய வேட்டி, சட்டை, லுங்கி எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போட்டுக்கொள்ளும் கோட்டும் அதில் இருந்தது.

"என்னக்கா இது?"

"ஊருக்குப் போற துணி, அழுக்காவா கொண்டுபோறது? மகன் வீட்ல என்ன நினைப்பாவ?"

"ரயிலுக்கு நேரமாச்சே."

"காயட்டும். காஞ்சதும் போ. நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்?"

இசக்கியம்மாள் சோப்புப்பொடியை இன்னும் கொஞ்சம் தட்டினார். முருகேஸ்வரி அடுக்களை வாசலில் நின்று, ஈரத்துணியோடு பயணம் போனால் சளி நெஞ்சுக்குள் இறங்கிவிடும் என்று பொதுவாகச் சொன்னார். கிருபாநிதி திரும்பி வந்து, துண்டோடு கட்டிலில் உட்கார்ந்தார். வெளியே நன்றாக இருட்டியது. ரயில் போய்விட்டிருக்கும். தாணுலிங்கம் உள்ளே வந்து, உட்கார வேறு இடம் இல்லாததுபோல அந்தக் காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். 

"வே" என்றார் தாணுலிங்கம். "அந்தம்மா சொல்ற மாதிரி பதிவு பண்ணித் தொலைச்சிருவோம்."

"உம்ம வீட்டுக்கு போர்டு மாட்டணும் அண்ணாச்சி."

"மண்டிக்கு மாட்டலையா? இதுவும் ஒண்ணு."

கிருபாநிதி தலையைக் குனிந்தார். தலையில் காய்ந்துபோன ஈரத்தைத் துவட்டுவதுபோலத் துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பதிவு செய்வது என்று முடிவானபின்தான் உண்மையான சண்டை தொடங்கியது. மனுவில் நிர்வாகி யார், இல்லவாசிகள் யார் என்று எழுத வேண்டும். தாணுலிங்கம் தன் பெயரை நிர்வாகி என்று எழுதச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். வீடு அவருடையது, அதில் பேச என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம். திரும்பி வரும்போது அக்கா கண் சிவந்து நின்றார். இடுப்பில் தூக்கிச் சுமந்து மூக்கு துடைத்துவிட்ட தம்பிக்குக் கீழே தான் இல்லவாசியா என்று கேட்டார். அப்படியானால் நீ இரு என்று தாணுலிங்கம் விட்டுக்கொடுத்தார். உடனே முருகேஸ்வரி எழுந்தார். அறுநூறு பிள்ளைகளையும் இருபது வாத்தியார்களையும் நிர்வாகம் பண்ணியவள் ஒருத்தி இந்த வீட்டில் இருக்கும்போது, ரேஷன் கார்டை எங்கே வைத்தோம் என்று வாரம் ஒருமுறை தேடுகிற மதினி எப்படி நிர்வாகி ஆவார் என்றார். செல்லக்கனி அதற்குச் சொன்ன பதிலை எழுத முடியாது.

ஓட்டுப் போட்டுப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு விழுந்தது. கிருபாநிதி ஓட்டுப் போடவில்லை. மஸ்கட்டுக்கும் பெங்களூருக்கும் போன் போட்டார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு, மேலும் இரண்டு நாள் அதில் போயிற்று. ஜெயபிரியா கொடுத்த அவகாசம் கரைந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரு சாயந்திரம், யாரும் எதிர்பாராத நேரத்தில், செல்லக்கனிதான் வாயைத் திறந்தார்.

"கிருபா பேர எழுதுங்க. அவன் இங்க யாருக்கும் அண்ணனுமில்ல, தம்பியுமில்ல. அவன் சொன்னா யாருக்கும் குறைச்சல் இல்ல."

எல்லோரும் யோசித்தார்கள். மறுக்க ஒருவருக்கும் காரணம் கிடைக்கவில்லை. கிருபாநிதி மட்டும் பதறிப்போய், தன்னால்தானே இந்தப் பாடு, தன்னையே தலைக்கு மேல் ஏற்றி வைப்பதா என்று எழுந்து நின்றார். முருகேஸ்வரி அவரை உட்காரச் சொன்னார். அந்தக் குரலுக்கு யாரானாலும் உட்கார்ந்துவிடுவார்கள்.

இ-சேவை மையத்துக்கு எல்லோருமாக ஆட்டோவில் போனார்கள். கம்ப்யூட்டரில் தட்டிய பெண் தாணுலிங்கத்திடம் இல்லத்தில் சேர்ந்த தேதியைக் கேட்டார். அவர் வீட்டுக்குப் பால் காய்ச்சிய தேதியைச் சொன்னார். யார் கொண்டுவந்து சேர்த்தது என்றார் அந்தப் பெண். தானே வந்ததாகச் சொல்லிவிட்டு, கட்டடம் கட்டியதும் தான்தான் என்று எங்கேயாவது எழுத இடம் இருக்கிறதா என்று கேட்டார். இடம் இல்லை.

அதன்பின் வீடு மாறத் தொடங்கியது. கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தார்கள். வாசல்படிக்குப் பக்கத்தில் சரிவுப் பாதை போட்டார்கள். அது வந்தபின் செல்லக்கனியே முதல் ஆளாகத் தினமும் நான்கு தடவை இறங்கி ஏறினார். தீயணைக்கும் சிவப்பு உருளை அடுக்களையில் தொங்கியது. இசக்கியம்மாள் அதைப் பார்த்துப் பயந்து ஒரு வாரம் அப்பளம் பொரிக்கவில்லை. மாதம் ஒருமுறை டாக்டர் வந்து எல்லோருக்கும் பிரஷரும் சர்க்கரையும் பார்த்தார். தனக்குச் சர்க்கரை இருப்பதே தாணுலிங்கத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதிலிருந்துதான் அவருக்குக் கஷ்டகாலம். கிருபாநிதி கிரேன் ஓட்டிய நாளெல்லாம் ஒரு பெட்டியைக்கூடக் கடலில் போட்டதில்லை. இந்த வேலையையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். யார் என்ன மாத்திரை எப்போது விழுங்க வேண்டும் என்று சுவரில் ஒட்டினார். டிவி ஒன்பது மணிக்கு அணைந்தது. முந்திரி மக்ரூன் மிட்டாய் டப்பா பீரோவுக்குள் போய்ப் பூட்டப்பட்டது. தாணுலிங்கம் சொந்த வீட்டில் ஒரு மக்ரூனுக்காகத் தன்னுடைய முன்னாள் வாடகைக்காரரிடம் கை நீட்டி நின்றார். கிருபாநிதி டாக்டர் எழுதியதைக் காட்டினார். இரண்டு பெண்களும் நிர்வாகி பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

சான்றிதழ் வந்த பிறகு ஜெயபிரியா முதல் பார்வைக்கு வந்தார். கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். சரிவுப் பாதையில் ஏறி இறங்கினார். குடிதண்ணீர், மருந்து, படுக்கை எல்லாம் பார்த்துவிட்டு, வழக்கப்படி ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டார். தாணுலிங்கம் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து கதவைச் சாத்தச் சொன்னார்.

அரை மணி நேரம் பேசினார். மக்ரூன், டிவி, குழம்பில் உப்பு இல்லாதது, மத்தியானத் தூக்கத்தில் எழுப்பி மாத்திரை கொடுப்பது என்று எதையும் விடவில்லை. நிர்வாகிக்கு இரக்கம் என்பதே கிடையாது என்றார். ஜெயபிரியா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அறிக்கையை எடுத்தார். தங்கியிருப்பவரின் குறை என்று ஒரு பகுதி உண்டு, அதில் இதையெல்லாம் பதிவு செய்யட்டுமா, தேவைப்பட்டால் நிர்வாகியை மாற்றச் சொல்லி எழுதலாம் என்றார்.

தாணுலிங்கம் கதவைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எழுதிராதீய தாயி. நான் சும்மா சொன்னேன். அவரு நல்லாத்தான் பாக்காரு."

"அப்போ குறை எதுவும் இல்லன்னு போட்டுக்கட்டுமா?"

"குறை இருக்கு. எழுத வேண்டாம்."

ஜெயபிரியா அந்தப் பகுதியில் என்ன எழுதினார் என்பது அவருக்குத்தான் தெரியும். போகும்போது வாசலில் செல்லக்கனி வழிமறித்து நின்றார். கையில் ஒன்றுமில்லை. வெறும் தண்ணீராவது குடிக்கலாமா, அதற்கும் சட்டம் தடையா என்று கேட்டார். ஜெயபிரியா ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தார். அன்று முழுவதும் செல்லக்கனியின் முகத்தில் வெளிச்சம் இருந்தது.

சாயந்திரம் தாணுலிங்கமும் கிருபாநிதியும் பீச் ரோட்டுக்குக் காற்று வாங்கக் கிளம்பினார்கள். ஆட்டோ வந்து நின்றது. ஆனால் இல்லவாசி யாராவது வெளியே போனால், அழைத்துப் போகிறவர் பெயரைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதி இருந்தது. நிர்வாகி தாணுலிங்கத்தை அழைத்துப் போவதாகக் கிருபாநிதி எழுதினார். ஆட்டோவுக்குப் பணம் கொடுப்பது தான், அதனால் தான்தான் அவரை அழைத்துப் போவதாக எழுத வேண்டும் என்றார் தாணுலிங்கம். நிர்வாகியை அழைத்துப் போக விதியில் இடமில்லை என்றார் கிருபாநிதி. முருகேஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாக்கியத்தை எப்படி அமைத்தால் இரண்டு பேருக்கும் சரியாக வரும் என்று யோசிக்க ஆரம்பித்தார். செல்லக்கனி அவர்கள் முதுகுப்பக்கமாகச் சரிவுப் பாதையில் இறங்கி, ஆட்டோவில் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டு, நேராகப் பீச்சுக்கு விடச் சொன்னார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

"மத்தவங்கல்லாம்?" என்று கேட்டார் அவர்.

"அவுங்க எழுதி முடிச்சிட்டு வருவாங்க. நீ போ."

கேட்டுக்கு வெளியே கைகாட்டிக்கொண்டு அரக்கப்பரக்க வந்த தாணுலிங்கத்தையும் கிருபாநிதியையும் டிரைவர் கண்ணாடியில் பார்த்து, தெரு முனையில் வண்டியை நிறுத்தினார்.